மாசிக் கடலும் தீவகத்து விழாக்களும்

ஓராண்டை ஆறு பெரும்பொழுதாக வகுத்த நம் முன்னோர் மாசி, பங்குனி ஆகிய இரு திங்களையும் பின்பனிக்கு உரியனவாக்கி, அதன்பின் வரும் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றனர். பனி உருகி மரம் தளிர்க்கும் நாட்டிலே இப்பருவ மாற்றம் கண்ணுக்குத் தெரியும். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என விரியும் எங்கள் தீவகத்திலோ அதனைக் கண்ணாற் காண்பது அரிது; காதாற் கேட்கலாம். மார்கழியிலும் தையிலும் பனையோலைகளைச் சலசலக்கச் செய்து கொண்டிருந்த வாடைக்காற்று, மாசி நடுவில் ஓரிரவு ஓய்ந்துவிடும். அரிவி வெட்டு முடிந்து வயலில் தாள் மட்டும் நிற்கும். முற்றத்துப் பாயிலே ஒடியல் காயும். கிணற்று நீர் இறங்கத் தொடங்கும். கடல் அடங்கும். தீவார்க்கு ஆண்டின் நல்ல நாள்கள் இவை.

இப்பருவத்திலே இங்கு நிகழும் விழாக்களையும் விரதங்களையும் பற்றி எழுதத் தூண்டியது, வகுப்பறையில் மாணவனொருவன் கேட்ட கேள்வி. ஊர்காவற்றுறைப் பகுதியிலிருந்து வரும் கத்தோலிக்கப் பிள்ளை அவன். “ஐயா, அந்தோனியார் திருநாள் ஆனி மாதத்தில் அல்லவா வருகிறது? கச்சதீவில் மட்டும் ஏன் மாசியிற் கொண்டாடுகிறார்கள்?” என்றான். சரித்திரம் கற்பிப்பவனாகிய யான் அன்று விடை சொல்லவில்லை. அடுத்த வாரமும் சொல்லவில்லை. இக்கட்டுரை அவனுக்குக் காலந் தாழ்த்திக் கொடுக்கும் விடை என்று கொள்க.

பிள்ளை கேட்டது சரியான கேள்வியே. பதுவைப் பதியரான புனித அந்தோனியார் 1195இல் இலிசுபன் நகரிற் பிறந்து, 1231ஆம் ஆண்டு யூன் மாதம் 13ஆம் நாள் மறைந்தவர். கத்தோலிக்க உலகெங்கும் அந்நாளே அவருடைய திருநாள். போர்த்துக்கேய நாட்டிற் பிறந்த அப்புனிதர்பாற் கொண்ட பக்தி, போர்த்துக்கேயரின் கப்பல்களோடு கீழைக்கடற் கரைகளுக்கு வந்து, கடற்றொழில் செய்வோரிடையே வேரூன்றிற்று. ஆயினும் கச்சதீவிலுள்ள அவருடைய ஆலயத்தின் ஆண்டுத் திருவிழா யூனில் நிகழ்வதில்லை. தவக்காலத்தின் தொடக்கத்தில் நிகழ்கின்றது. இது இன்னும் வியப்பைத் தருவது. தவக்காலம் கத்தோலிக்கர்க்கு ஒறுத்தலின் காலம். கொடியும் தேரும் கூத்துமாகப் பெருவிழா எடுப்பது அக்காலத்துப் பொது வழக்கமன்று. திருநாளை ஆனியிலிருந்து எடுத்து, விழாவுக்குப் பொருந்தாத நாற்பது நாள்களுக்குள்ளே கொண்டுபோய் வைக்க வேண்டுமாயின், அதற்கு வலிய காரணம் ஒன்று இருந்திருத்தல் வேண்டும்.

காரணம் காற்று. எம்மவர் காற்றுக்கு நான்கு பெயர் வைத்திருக்கின்றனர். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கும் தென்மேற்குமாக வருவது சோளகம். மேற்கிலிருந்து வருவது கச்சான். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரையும் சோளகத்தின் ஆட்சி. ஆழங் குறைந்த பாக்கு நீரிணையிலே அக்காற்று எழுப்பும் குறுகிய, செங்குத்தான அலை பாய்மரத் தோணிகளுக்குப் பெரும் பகை. கார்த்திகையிலிருந்து தை வரை வாடையும் மழையும். இவ்விரண்டுக்கும் இடையே, மாசிக் கடையிலிருந்து சித்திரை வரை, கடல் குளம்போற் கிடக்கும். ஆனி 13இலோ 20இலோ நெடுந்தீவிலிருந்தும் இராமேசுவரத்திலிருந்தும் பெண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நடுக்கடலிலுள்ள ஒரு திட்டுக்குப் போக எந்தத் தண்டையலும் துணிந்திரான். புனிதரின் நாளைக் கடல் மாற்றிவிட்டது.

இது கச்சதீவுக்கு மட்டும் உரிய செய்தி எனின் தற்செயல் என்று விட்டுவிடலாம். யாழ்ப்பாணக் கடனீரேரிக்கு அப்பாலுள்ள பாலைதீவும் மக்கள் குடியில்லாத தீவே. அங்கும் அந்தோனியாருக்கு ஓர் ஆலயம் உண்டு. அங்கும் தவக்காலத்திலேயே குருநகர் முதலிய இடங்களிலிருந்து மக்கள் படகேறிச் சென்று விழா எடுக்கின்றனர். ஊருக்குள் இருக்கும் அந்தோனியார் ஆலயங்கள் ஆனியிலே கொடியேற்ற, கடல் கடந்து செல்ல வேண்டிய இரண்டும் ஆனியை விட்டு விலகியிருப்பதைக் காண்க.

கச்சதீவு 285 ஏக்கர் பரப்புடைய சிறு நிலம். நீளம் ஒன்றரைக் கிலோமீற்றருக்குச் சற்று மேல். அகலம் அதிற் சிறு கூறு. குடிநீர் இல்லை, ஆதலாற் குடியும் இல்லை. இரு கரைகளின் மீனவரும் வலை உலர்த்தவும் இளைப்பாறவும் கரையொதுங்கும் இடமாக அது இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தமிழகக் கரையைச் சேர்ந்த வசதி படைத்த மீனவர் ஒருவர் அங்கே சிறு கோயிலொன்றை எழுப்பினார். நெடுந்தீவுப் பங்குக்கு உட்பட்டதாய் யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் பொறுப்பில் அஃது உள்ளது. வெள்ளிக்கிழமை பிற்பகலிற் கொடியேற்றம், பின் சிலுவைப்பாதை, இரவிலே தேர்ப்பவனி, மறுநாட் காலையில் திருப்பலி, கொடியிறக்கம். இரு கரைக் குருமாரும் சேர்ந்து வழிபாட்டை நடத்துவர். சிலுவைப்பாதையையும் தேரையும் ஒரே மாலையில் வைத்திருப்பதிலே தவக்காலத்துக்கும் திருவிழாவுக்கும் இடையே செய்துகொண்ட உடன்பாடு நன்கு தெரிகின்றது.

அண்மைய ஆண்டுகளின் தேதிகளை ஒப்புநோக்கியபோது மற்றொன்று தென்பட்டது. 2023இல் மார்ச் 3, 4. 2024இல் பெப்ரவரி 23, 24. 2025இல் மார்ச் 14, 15. மூன்றும் தவக்காலத்தின் முதலாம் ஞாயிற்றை அடுத்த வெள்ளியும் சனியும் ஆகும். உயிர்ப்புப் பெருவிழா பூரணையை அடுத்த ஞாயிற்றைப் பற்றி நிற்பதால், கணக்கிட்டுப் பார்த்தால் இவ்வெள்ளி எந்த ஆண்டிலும் வளர்பிறையின் பிற்பகுதியிலேயே விழும்; பூரணைக்கு ஒரு வாரத்துக்கு மேல் முந்தாது, பூரணையைப் பெரிதும் தாண்டவும் தாண்டாது. 2024இலும் 2025இலும் ஏறத்தாழ முழுநிலவே. விளக்கில்லாத தீவிலே மணலிற் படுத்துறங்கும் ஆயிரக்கணக்கானோர்க்கு இது சிறு வசதியன்று. முன்னோர் இதனை எண்ணி வைத்தார்களோ, பஞ்சாங்கம் தானாகக் கொடுத்ததோ, பயன் ஒன்றே.

பஞ்சாங்கத்தைப் பற்றிப் பேச நேர்ந்தமையால், ஈண்டு ஒன்று கூறுவது பிழையாகாது. தவக்காலத்தைத் தொடங்கும் நாளை எங்கள் கத்தோலிக்க முதியோர் விபூதிப் புதன் என்பர். அன்று குருவானவர் நெற்றியிற் சாம்பலிடுவார். மாசி மாதத்துத் தேய்பிறைச் சதுர்த்தசி இரவு எங்களுக்கு மகா சிவராத்திரி. இவ்விரு நாள்களும் வெவ்வேறு கணிதத்தால் அமைந்தவை. எனினும் பெரும்பாலான ஆண்டுகளில் ஒரே அமாவாசையின் இருபுறத்திலும் அருகருகே வந்து நிற்கின்றன. 2018இல் பெப்ரவரி 13 சிவராத்திரி. 14 விபூதிப் புதன். 2022இல் மார்ச் 1 சிவராத்திரி. 2 விபூதிப் புதன். ஒரே வேலிக்கு இப்பாலும் அப்பாலும் ஓரிரவு இடைவிட்டு நீறணிந்த நெற்றிகள்! 2021, 2024 போன்ற ஆண்டுகளில் மூன்று வாரத்துக்கு மேல் பிரிந்துவிடுவதும் உண்டு.

சிவராத்திரியின் நான்கு சாமப் பூசைகளைப் பற்றி இம்மலரைப் படிப்போர்க்கு யான் சொல்ல வேண்டியதில்லை. சொல்லப்படாத பகுதி ஒன்று உண்டு. கோயிலிலே பெரியோர் கண்விழித்திருக்க, ஊர் இளைஞர் ஒழுங்கைகளிலே கண்விழித்திருப்பர். ஒரு வீட்டுப் படலை மறு வீட்டுக்குப் போகும். கடைப் பலகை பள்ளிக்கூட வாயிலிலே தொங்கும். இளநீர்க்குலை தென்னையில் இராது. என் தந்தையார் தம் இளமைக்காலத்தில் மணியகாரர் ஒருவர் வீட்டுப் படலையைக் கேணிக்கட்டிற் கொண்டுபோய் வைத்ததாகவும், காலையில் அதனைத் தேடிக் கொடுத்தவரும் தாமே என்றும், அதற்குப் பரிசாக ஒரு ரூபா பெற்றதாகவும் கூறுவார். இதனைச் சிலர் நாகரிகக் குறைவு எனக் கண்டிப்பர். கண்டிக்கலாம். ஆனால் ஆண்டில் ஓரிரவு படலைகள் இடம்மாறுவதும், மறுநாள் எவரும் வழக்குப் பேசாமல் எடுத்துக்கொண்டு போவதும், ஊர் ஒன்றாயிருந்த காலத்துக்கு அடையாளம். 1990ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் தீவகத்தார் பெருந்தொகையாக இடம்பெயர்ந்த பின்னர், மாற்றி வைக்கப் படலையும் இல்லை. மாற்றி வைக்கப் பிள்ளைகளும் இல்லை என்றாயிற்று.

சிவராத்திரி கழிந்து பங்குனி பிறந்தால் திங்கட்கிழமைகள் அம்மனுக்கு உரியன. பங்குனித் திங்கள் விரதம் பெண்களின் விரதம். தென்மராட்சியிலே மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயில் இதற்குப் பேர்போனது. தீவகத்திலிருந்தும் பானையும் அரிசியுமாக அங்கே செல்வர். செல்லாதோர் தம்மூர் அம்மன் வாயிலிலே பொங்குவர். அறுவடை நெல் வீட்டில் இருக்கும் காலம். வெயில் ஏறி அம்மை நோய் தலைகாட்டும் காலமும் அதுவே. நன்றியும் அச்சமும் ஒரே பானையிற் பொங்கும் என்க.

இவ்வம்மன் கோயில்கள் பலவற்றில் முன்னாளில் எழுந்தருளியிருந்தவள் கண்ணகி. நாவலர் பெருமான் கண்ணகி வழிபாட்டை ஏற்றாரல்லர். ஆகமநெறி வலுப்பெற்ற 19ஆம் நூற்றாண்டிலும் அதன் பின்பும், யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோயில்கள் பல இராசராசேசுவரி, புவனேசுவரி முதலிய நாமங்களைப் பெற்றன. புங்குடுதீவுக் கிழக்கிலே கடலோரமாக உள்ள கோயிலும் இன்று இராசராசேசுவரிக்கு உரியது. ஊராரோ கண்ணகை அம்மன் கோயில் என்றே கூறுவர். அம்மனின் பெயர் மாறியும் பங்குனித் திங்கள் மாறவில்லை. அந்தோனியார்க்கோ பெயர் நிலைக்க, நாள் மாறிற்று. ஒரு வழிபாட்டிலே எது விடாப்பிடியாக நிற்கும், எது விட்டுக்கொடுக்கும் என்பதை ஏட்டை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது. அவ்வவ்வூர் வயலையும் கடலையும் பார்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

என் கொள்கைக்கு மாறான சான்று ஒன்றுண்டு. அதனை மறைத்தல் முறையன்று. தீவகத்தின் தலையாய விழா நயினாதீவு நாகபூசணி அம்மனின் ஆண்டுப் பெருவிழா. அது சோளகம் வீசும் ஆனியிலே நடக்கின்றது. காற்றே நாளை வகுக்குமாயின் அம்மன் ஏன் ஆனியில் தேரேறுகின்றாள்? புங்குடுதீவுக் குறிகாட்டுவானிலிருந்து நயினாதீவு கூப்பிடு தூரமன்றாயினும் கண்பார்வைத் தூரம். சுற்றிலும் தீவுகள் அரணாக நிற்கும் அக்குறுங் கடலை எக்காற்றிலும் ஒருவாறு கடந்துவிடலாம். நெடுந்தீவுக்கு அப்பாலோ அரண் எதுவும் இல்லை. ஆகவே மாறுகோளாகத் தோன்றியது உண்மையில் விதியின் எல்லையைக் காட்டுவதாயிற்று.

அதே நயினாதீவிலே இளவேனிற் தொடக்கத்தோடு பிணைந்த நினைவு வேறொன்றும் உண்டு. புத்தர் ஞானம் பெற்ற ஐந்தாம் ஆண்டிலே, சித்திரை மாதத்துத் தேய்பிறை உபோசத நாளில், மணிப்பீடமொன்றின் பொருட்டுப் போர் செய்யவிருந்த மகோதரன், சூளோதரன் என்னும் நாக மன்னர் இருவரைச் சமாதானஞ் செய்ய நாகதீபம் வந்தார் என்று மகாவம்சம் கூறும். இன்று பௌத்தர் இதனைப் பக் மாதப் பூரணையில் நினைவுகூர்கின்றனர். நூல் கூறுவதோ தேய்பிறை. நாகதீபம் இச்சிறு தீவா, யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதுமா என்பதும் ஆராய்ச்சிக்கு உரியது. 1936இல் வல்லிபுரத்திற் கிடைத்த பொற்றகடு, வசப மன்னன் காலத்திலே நாகதீவை அமைச்சன் ஒருவன் ஆண்டான் என்பதால், பெயர் குடாநாட்டையே குறித்தது என அறிஞர் பரணவிதான முதலியோர் கொண்டனர். பீடத்தின் பொருட்டு இரு நாக மன்னர் பொருத கதையை மணிமேகலையும் மணிபல்லவத்தின்மேல் வைத்துக் கூறுகின்றது. வானவழி வந்தவர்க்குக் காற்று ஒரு பொருட்டன்று. ஆயினும் கதை சொன்னோர் அவரைச் சோளகத்திலும் வாடையிலும் அழைத்து வராமல், கடல் அடங்கிய நாளிலே அழைத்து வந்தனர் என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

கடற்பருவம் அரசர் ஆணைகளுக்கும் அடிப்படையாயிற்று. நயினாதீவு அம்மன் கோயிலிலுள்ள, முதலாம் பராக்கிரமபாகுவின் (1153 – 1186) தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டு வணிகரைக் காக்க வேண்டும் என்கின்றது. யானையும் குதிரையும் கொணரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. பிற சரக்கேற்றிய கலமாயின் பாதிப் பாதி. 1963இல் பேராசிரியர் இந்திரபாலா இதனை ஆராய்ந்து வெளியிட்டார். சிங்கள மன்னன் ஆணை தமிழில் நிற்கின்றது. அவன் நாடு நன்கு அறிந்திருந்தது, இக்கடலிற் கலங்கள் உடையும் என்பதை.

மீண்டும் கச்சதீவுக்கு வருவோம். இராமநாதபுரம் ஜமீனின் 19ஆம் நூற்றாண்டுக் குத்தகைப் பத்திரங்களிலே, சாயவேர் எடுக்கும் தீவுகளுள் ஒன்றாக அது குறிக்கப்பட்டது. 1921ஆம் ஆண்டு ஒக்டோபரிலே கொழும்பிற் கூடிய இலங்கை, சென்னை அரசுகளின் பேராளர், கச்சதீவுக்கு மூன்று மைல் மேற்கே மீன்பிடி எல்லையை வரைய உடன்பட்டனர். ஜமீனின் உரிமையைச் சென்னைப் பேராளர் விட்டுக்கொடுக்கவில்லை. அவ்வுடன்பாடு உறுதிசெய்யப்படவும் இல்லை. 1974 யூன் 26இலும் 28இலும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்திரா காந்தியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை தீவை இலங்கைக்கு உரியதாக்கிற்று. அதன் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே பயணச்சீட்டும் நுழைவுரிமையும் இன்றிக் கச்சதீவுக்கு வரலாம் என்கின்றது. இரு நாட்டு உடன்படிக்கையொன்றிலே ஒரு கோயில் யாத்திரைக்கு இடம் கிடைத்தது எளிய செய்தியன்று. கோயிலைக் கட்டிய மீனவர் இதனை எதிர்பார்த்திரார்.

எழுத்து நின்றது, கடல் நிற்கவில்லை. போர் தொடங்கிய பின் விழாத் தடைப்பட்டது. 1985 மே 15இல் குமுதினிப் படகிலே நிகழ்ந்த படுகொலைக்குப் பின்னர், நெடுந்தீவார் தம் சொந்தக் கடலைக் கடக்கவே அஞ்சிய காலம் அது. 2002இன் போர்நிறுத்தத்தில் விழா மீண்டது, மறுபடி தளர்ந்தது, 2010இலிருந்து ஆண்டுதோறும் நடைபெறத் தொடங்கிற்று. 2016 திசம்பரிலே கடற்படையினர் கட்டிய புதிய ஆலயம் அபிடேகம் பெற்றது. 2017 மார்ச்சில் இராமேசுவரத்து இளம் மீனவர் ஒருவர் கடலிற் சுடப்பட்டு இறந்ததால் அக்கரையார் அவ்வாண்டு வரவில்லை. 2021இல் கொள்ளைநோய் தடுத்தது. 2024இல் தம்மவர் சிறைப்பட்டமையை எதிர்த்து இராமேசுவரம் மீனவர் விழாவைப் புறக்கணித்தனர்.

இதிலே இக்கரையாரின் குறையையும் சொல்லுதல் நடுவுநிலை. அக்கரை இழுவைப் படகுகள் கடலடியை வாரிச் செல்வதால் நெடுந்தீவு, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை மீனவரின் வலைகள் அறுபட்டு, மீனினமும் அருகுகின்றது. இலங்கை 2017இல் இழுவை முறையைச் சட்டத்தால் தடைசெய்தது. தடையை அலை அறியாது. ஆண்டு முழுவதும் கடலிலே பகைவராய்ச் சந்திப்போர், ஓரிரவு ஒரே மணலிலே படுத்துறங்குகின்றனர். இருவர்க்கும் மொழி ஒன்று, புனிதர் ஒருவர், மீனும் ஒன்றே என்பதுதான் இடர்.

சில ஆண்டுகளுக்கு முன் யானும் குறிகாட்டுவானில் விடியற்காலையிலே படகேறிச் சென்றேன். சைவனாகிய எனக்கு அங்கே வேலை என்ன என்று உடன்வந்த முதியவர் கேட்டார், சரித்திரம் என்றேன். “அது வாயிலும் இருக்கும், கடகத்திலும் இருக்கும்” என்றார். அவர் சொன்னதன் பொருள் பிற்பகலிலே விளங்கிற்று. தேருக்கு அலங்காரம் நடக்கையில், ஆலயத்துக்குப் பின்னால் நெடுந்தீவுப் பெண்ணொருத்தி சவர்க்காரமும் தேங்காயெண்ணெயும் பரப்பியிருந்தாள். எதிரே தங்கச்சிமடத்துப் பெண்ணொருத்தி சேலைகளைப் பிரித்தாள். இருநாட்டுக் காசும் அங்கே வெளிவரவில்லை. “இதுக்கு எத்தனை போத்தல் தருவியள் அக்கா?” என்றாள் ஒருத்தி. “நாலு பாட்டில் தாங்க, சேலையப் பாருங்க, கரையப் பாருங்க” என்றாள் மற்றவள். பேரம் நீண்டது. இடையிலே அக்கரைப் பெண், தன் கணவன் கூடப் பிறந்தவன் காரைநகர்க் கடலிற் பிடிபட்டு யாழ்ப்பாணச் சிறையில் இருப்பதாகச் சொன்னாள். இக்கரைப் பெண் சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, தன் வீட்டுக்காரனின் வலை போன கார்த்திகையிலே அறுந்ததைச் சொன்னாள். மூன்று போத்தலில் முடிவாயிற்று. நான்காவதைப் பேரத்துக்குப் புறம்பாக அவளே எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாட் காலை திருப்பலி முடிந்து கொடி இறங்கியதும் எல்லாரும் விரைந்தனர். வெயில் ஏறினால் நண்பகலுக்குப் பின் கடலிற் சிறு திரை எழும் என்று படகோட்டி அவசரப்படுத்தினார். வந்த முதியவரிடம் மாணவனின் கேள்வியைச் சொன்னேன். அவர் தம் கையை நனைத்துக் காற்றுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, “ஆனியிலே வந்து பார், அந்தோனியார் மட்டுந்தான் இருப்பார்” என்றார்.